கட்டடக்கலைப் படிப்புக்கு மடிக்கணினி: கொழும்பில் வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டாம் ஆண்டின் இறுதிச் சமர்ப்பிப்புக்கு ஒன்பது நாட்கள் இருந்தபோது, வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த அறையின் மேசையில் என் மடிக்கணினியும் தோழியின் மடிக்கணினியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்ட். இரண்டிலும் ஒரே வீட்டின் ஒரே முற்றத்துக் காட்சி. அவளுடையது 14 நிமிடத்தில் ரென்டர் செய்து, அதாவது முப்பரிமாண மாதிரியைப் புகைப்படம் போன்ற படமாக மாற்றி, முடித்துத் தந்தது. என்னுடையது 25 நிமிடம் எடுத்தது. விசைப்பலகையின் நடுப்பகுதியில் விரல் வைக்க முடியாதபடி சுட்டது. விலையைப் பார்த்தால் என்னுடையதுதான் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் கூட.

மெல்லியதாகவும் வடிவாகவும் இருக்கிறது என்பதற்காகவே நான் அதை வாங்கினேன். அந்த ஆசையைப் பிழை என்று சொல்ல மாட்டேன். வடிவமைப்பைத் தொழிலாகக் கொள்ளப்போகிறவர் தன் கையில் இருக்கும் பொருளும் நேர்த்தியாக இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. நாளைக்கு வாடிக்கையாளர் முன்னால் திறந்து வைக்கப்போகும் கருவியும் அதுவே. ஆனால் அழகும் வேகமும் ஒரே உடலுக்குள் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டாவது தடவை வாங்கும்போது ஒரு மாதம் அலைந்து கற்றுக்கொண்டவற்றை, முதலாம் ஆண்டில் சேரப்போகிற உங்களுக்காக ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

1. கடைக்குப் போகுமுன் மென்பொருட்களை எழுதிக்கொள்ளுங்கள்

நீங்கள் சேரும் நிறுவனத்தில் மேல் வகுப்பில் படிக்கும் ஒருவரிடம், எந்த ஆண்டில் எந்த மென்பொருள் தேவைப்படும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸா மெக்கா என்ற கேள்விக்கு இந்தத் தாளே விடை சொல்லிவிடும். கட்டடத்தை முப்பரிமாணத்தில் உருவாக்கும் ரெவிட், 3டிஎஸ் மெக்ஸ் ஆகியவையும், அதை ரென்டர் செய்யும் லூமியன், டி5 ரென்டர் ஆகியவையும் விண்டோஸில் மட்டுமே இயங்குகின்றன. ஸ்கெச்அப், ரைனோ, ஆர்க்கிகாட், ட்வின்மோஷன் ஆகியவற்றுக்கு மெக் பதிப்பும் உண்டு. மெக்புக் புரோ அழகான கருவி; மின் இணைப்பில்லாமல் பற்றரியில் ஓடும்போதும் வேகம் பெரிதாகக் குறையாது. ஆயினும் உங்கள் தாளில் ரெவிட் இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். பெரலல்ஸ் போட்டு விண்டோஸை ஓட்டலாம் என்று ஆலோசனை சொல்வார்கள்; அப்பிளின் புதிய சில்லுகளில் அவ்வாறு ரெவிட்டை ஓட்டுவதை அதன் தயாரிப்பாளரான ஓட்டோடெஸ்க் ஆதரிப்பதில்லை, சமர்ப்பிப்பு இரவில் அது நின்றுவிட்டால் உதவிக்கு யாரும் இல்லை.

அடுத்து, தாளில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நேரே அது புரொசெசரை நம்புகிறதா, கிராபிக்ஸ் கார்டை நம்புகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். லூமியன், என்ஸ்கேப், டி5, ட்வின்மோஷன் ஆகியவை கார்டின் பலத்தில் ஓடுபவை. கொரோனா என்ற ரென்டர் மென்பொருள் முழுக்கப் புரொசெசரில் ஓடுவது. வீ-ரே என்ற இன்னொன்று இரண்டு வழியிலும் ஓடும். ரெவிட்டின் அன்றாட வேலையில் பெரும்பகுதி புரொசெசரின் ஒரேயொரு கோரில் (உள்ளே இருக்கும் கணிப்பு அலகுகளில் ஒன்றில்) நடப்பதால், கோர்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் ஒரு கோரின் வேகமே அங்கே உதவும். பெயரின் கடைசியில் ‘யு’ என்று முடியும் இன்டெல் புரொசெசர்கள் குறைந்த மின்சாரத்தில் எழுத்து வேலைக்காகச் செய்யப்பட்டவை. ‘எச்’ அல்லது ‘எச்எக்ஸ்’ என்று முடிபவற்றையே பாருங்கள்.

2. பணக்கணக்கு: சொல்லும் விலை வேறு, கொடுக்கும் விலை வேறு

நான் விசாரித்த காலத்தில் ஆர்டிஎக்ஸ் 4060 உள்ள கேமிங் வகை மடிக்கணினிகள், அதாவது அசூஸ் டஃப், லெனோவோ லோக், எச்பி விக்டஸ் போன்றவை, ஏறத்தாழ மூன்றரை இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சம் ரூபாய் வரை இருந்தன. அதே கார்டை மெல்லிய உலோக உடலில் வைத்துத் தரும் அசூஸ் புரோஆர்ட், செஃபிரஸ் போன்றவை ஆறரை இலட்சத்துக்கு மேல் போயின. டொலரின் விலையோடு இவையும் ஏறி இறங்கும் என்பதால், கடைக்காரர் தரும் விலைமதிப்பு எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதை அந்தத் தாளிலேயே எழுதித்தரக் கேளுங்கள்.

முதல் பொறி வற் வரி. 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். தொலைபேசியில் 400,000 ரூபாய் என்று சொல்லப்படும் விலை வரி சேராததாக இருந்தால், பற்றுச்சீட்டு எழுதும்போது 72,000 ரூபாய் கூடி 472,000 ரூபாய் ஆகிவிடும். ‘எல்லாம் சேர்த்துக் கையில் எவ்வளவு?’ என்று முதல் அழைப்பிலேயே கேளுங்கள். இரண்டாவது பொறி கடனட்டை. பல கடைகளில் காசு விலை ஒன்றாகவும் கார்ட் விலை இன்னொன்றாகவும் இருக்கும். 472,000 ரூபாய்க்கு 3 வீதம் கூட்டினாலே 14,160 ரூபாய். வட்டியில்லாத் தவணை என்று விளம்பரப்படுத்தப்படுவது பெரும்பாலும் அந்தக் கூடிய விலையின் மீதுதான் கணக்கிடப்படும். முழுத் தொகைக்கும் கார்டின் எல்லையில் இடம் இருக்க வேண்டும். அப்பாவின் கார்டில் வாங்குவதாக இருந்தால், அவர் தேசிய அடையாள அட்டையோடு நேரில் வரவேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே நினைவில் வையுங்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் பெற்றோருக்கு அது ஒரு பயணம்.

மவுஸ், வெளிச் சேமிப்பு, பை ஆகியவற்றுக்காகவும், பின்னர் சேர்க்கவேண்டிய ரெமுக்காகவும் (கணினியின் வேலை நினைவகம்) மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். மென்பொருளுக்கு இப்போது செலவழிக்க வேண்டியதில்லை. ஓட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு ரெவிட், ஓட்டோகாட், 3டிஎஸ் மெக்ஸ் ஆகியவற்றை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் முறையில் இலவசமாகத் தருகிறது. அதற்கு உங்கள் பெயர், நிறுவனத்தின் பெயர், படிக்கும் காலம் மூன்றும் தெளிவாகத் தெரியும் மாணவர் அடையாள அட்டையோ கடிதமோ தேவை. அட்டை கைக்கு வரப் பல வாரம் எடுக்கலாம் என்பதால், அனுமதிக் கடிதம் கிடைத்தவுடனேயே விண்ணப்பித்துவிடுங்கள். ட்வின்மோஷனும், முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரும் மாணவர்களுக்கு இலவசமே.

3. கார்டின் பெயரோடு நின்றுவிடாமல் வாட் எவ்வளவு என்று கேளுங்கள்

என்னை ஏமாற்றியது இந்த இடம்தான். கடையில் இரண்டு கணினிகளைக் காட்டி வித்தியாசம் என்ன என்று கேட்டபோது, “தங்கச்சி, ரெண்டுலயும் ஒரே கார்ட்தான். இது பாரம் குறைவு, வடிவாயும் இருக்கு” என்றார் விற்பனையாளர். அவர் பொய் சொல்லவில்லை. கார்டின் பெயர் ஒன்றே. ஆனால் மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060 என்பது 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் பொருத்தப்படக்கூடிய ஒரு சில்லு. எவ்வளவு மின்சாரத்தை அதற்கு ஊட்டலாம் என்பதை உடலின் தடிப்பையும் விசிறிகளின் அளவையும் பார்த்து உற்பத்தியாளரே தீர்மானிக்கிறார். என்னுடையதில் 55 வாட். தோழியுடையதில் அதன் இரண்டு மடங்குக்கும் மேல். முற்றத்துக் காட்சியில் நான் பார்த்த 11 நிமிட வித்தியாசம் அங்கிருந்து வந்தது.

இதைக் கடையிலேயே பார்க்க முடியும். இந்தக் கார்டுகளைத் தயாரிக்கும் என்விடியாவின் கன்ட்ரோல் பெனலைத் திறந்து ‘சிஸ்டம் இன்பர்மேஷன்’ என்பதை அழுத்தினால், ‘மெக்சிமம் கிராபிக்ஸ் பவர்’ என்ற வரியில் வாட் அளவு எழுதப்பட்டிருக்கும். 4060 அல்லது அதற்கு அடுத்த தலைமுறையான 5060 வாங்குவதாக இருந்தால் 85 வாட்டுக்குக் குறைந்ததை ரென்டரிங்குக்காக எடுக்க வேண்டாம் என்பது என் முடிவு. வேகத்தைச் சிறிது விட்டுக்கொடுத்தாலும் பாரம் குறைய வேண்டும் என்று தெரிந்தே தீர்மானிப்பது வேறு விடயம். தெரியாமல் அதே விலையைக் கொடுப்பதுதான் வலிக்கும்.

வாட்டுக்கு அடுத்தது கார்டின் சொந்த நினைவகம். மரங்களும் புல்லும் உயர்தரப் பொருட்தோற்றங்களும் நிறைந்த காட்சி அந்த நினைவகத்துக்குள் அடங்காவிட்டால், ரென்டர் பல மடங்கு மெதுவாகும் அல்லது மென்பொருள் மூடிக்கொள்ளும். 4050 இல் 6 ஜிபி. 4060, 4070, 5060, 5070 ஆகிய நான்கிலும் 8 ஜிபிதான். 4060 இலிருந்து 4070 க்குப் போவதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் சிறிது வேகத்தைத் தருமே தவிர, ஒரு ஜிபி நினைவகத்தைக்கூடக் கூட்டித் தராது. 4080 இலும் 5070 டிஐ இலும் 12 ஜிபி, 5080 இல் 16 ஜிபி. முதல் மூன்று ஆண்டுகளின் வீடு, சிறு நூலகம், சமூக மண்டபம் போன்ற திட்டங்களுக்கு 8 ஜிபி போதும். நகர வடிவமைப்பில் முழு வீதியையும் ஒரே காட்சியில் ரென்டர் செய்யப்போகிறவர்கள் 12 ஜிபிக்குப் பணம் சேர்ப்பதே நல்லது.

4. ரெமும் சேமிப்பும்

ரெம் 32 ஜிபி வேண்டும். 16 ஜிபியோடு வாங்கிப் பிறகு கூட்டலாம் என்ற எண்ணம் நல்லதே, ஆனால் மெல்லிய கணினிகள் பலவற்றில் ரெம் தாய்ப்பலகையோடு ஒட்டப்பட்டே வருகிறது. உதாரணமாக 2024 இன் செஃபிரஸ் ஜி14, புரோஆர்ட் பி16 இரண்டிலும் அப்படித்தான். வாங்கிய நாளில் இருந்த அளவே கடைசிவரை. ரெம் பொருத்த எத்தனை இடங்கள் உள்ளன, எத்தனை காலியாக இருக்கின்றன என்று கேளுங்கள். ஒரே இடத்தில் ஒற்றை ரெம் துண்டாக இருப்பதை விட இரண்டு துண்டுகளாக இருப்பது வேகமானது. என்விஎம்ஈ என்ற வேகமான வகைச் சேமிப்பு 1 டிபி இருக்கட்டும்.

5. திரையும் உடலும்

கேமிங் கணினிகளில் விலையைக் குறைப்பதற்காக உற்பத்தியாளர்கள் முதலில் கை வைப்பது திரையில்தான். விவரத்தாளில் திரையின் நிற வீச்சு ‘45 வீதம் என்டிஎஸ்சி’ என்று இருந்தால், எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிறத் தொகுதியின் நிறங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே அந்தத் திரையால் காட்ட முடியும். செங்கல் மண்ணிறமாகத் தெரியும். நீங்கள் அதைச் சரிசெய்து அச்சுக்குக் கொடுத்தால் தாளில் செம்மஞ்சளாக வரும். ‘100 வீதம் எஸ்ஆர்ஜிபி’ என்ற சொல் இல்லாத கணினியை வாங்காதீர்கள். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரை நிறத்தில் மிக அழகானது. ஆனால் ரெவிட்டின் கருவிப்பட்டை நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதால் சில ஆண்டுகளில் அதன் சுவடு படியக்கூடும். நான் இரண்டாவது தடவை எல்சிடி வகையான ஐபிஎஸ் திரையையே எடுத்தேன். 16:10 விகிதத் திரை 16:9 ஐ விடச் சற்று உயரமானது. வரைபு வேலையில் அந்த உயரம் மிகவும் உதவுகிறது.

உடலைப் பொறுத்தவரை, ஒரே நிறத்தில் கோடுகள் குறைந்த மூடியும், விளக்கு நிறத்தை வெள்ளையாக்கவோ அணைக்கவோ கூடிய விசைப்பலகையும் இருந்தாலே ஒரு கேமிங் கணினியும் கூட்ட அறைக்கு ஏற்றதாகிவிடும். புரோஆர்ட் பி16 இன் எடை 1.85 கிலோ, செஃபிரஸ் ஜி14 இன் எடை சுமார் 1.5 கிலோ. கடை அட்டையில் எழுதியிருக்கும் எடையில் மின்னேற்றி சேர்க்கப்படுவதில்லை; 200 வாட்டுக்கு மேற்பட்ட மின்னேற்றி தனியாகவே பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டும். காலையில் 101 ஆம் இலக்க பஸ்ஸில் மொறட்டுவை வரை நின்றுகொண்டே போகப்போகிறீர்கள் என்றால், கணினியையும் மின்னேற்றியையும் உங்கள் பையிலேயே வைத்துத் தோளில் மாட்டி, கடைக்குள் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். டைப்-சி வழியாகச் சிறிய மின்னேற்றியால் ஏற்றும் வசதி இருந்தால் விரிவுரை நாட்களுக்கு அது போதும். முழு வேக ரென்டரிங்குக்குப் போதாது.

6. கடையில் அரை மணி நேரம்

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலேயே பெரும்பாலான ஒப்பீட்டை முடித்துவிடலாம். சனிக்கிழமை மாலை போகாதீர்கள். வாரநாளில் கடை திறந்து சற்று நேரத்தில் போனால், உங்களுக்காக ஒரு கணினியை ஒதுக்கித்தர விற்பனையாளருக்கும் நேரம் இருக்கும்.

போகும்போது ஒரு பென்டிரைவ் கொண்டுபோங்கள். அதில் நிறுவத் தேவையில்லாத பிளெண்டர் பதிப்பையும், நிறுவாமலே ஓடும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற அளவீட்டு மென்பொருளையும், உங்களுடையதோ மேல் வகுப்பு நண்பருடையதோ ஆன ஓர் உண்மையான திட்டக் கோப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். லூமியனைக் கடையில் நிறுவிப் பார்க்க விடமாட்டார்கள். பிளெண்டர் அந்தத் தடையைத் தீர்த்துவிடுகிறது. கணினியை மின்னேற்றியோடு இணைத்து, பிளெண்டரின் அமைப்புகளில் என்விடியா கார்டால் ரென்டர் செய்வதற்கான ‘ஒப்டிக்ஸ்’ என்பதைத் தெரிவுசெய்து, காட்சியிலும் ‘ஜிபியு கம்பியூட்’ என்று மாற்றுங்கள். இந்த இரண்டையும் மறந்தால் புரொசெசரே ரென்டர் செய்யும், நீங்கள் பார்க்க வந்தது ஒன்று, அளந்தது இன்னொன்று என்றாகிவிடும்.

20 நிமிடம் ஓடவிடுங்கள். முதல் இரண்டு நிமிடங்கள் எல்லாக் கணினிகளும் வேகமாகவே இருக்கும். சூடேறிய பிறகு வாட் அளவு எங்கே வந்து நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 100 வாட்டில் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் 60 இல் வந்து நின்றால், உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த 60 தான். கையை விசைப்பலகையில் வையுங்கள், விசிறியின் சத்தத்தைக் கேளுங்கள். கடை குளிரூட்டப்பட்டது என்பதையும் மறக்காதீர்கள்: 30 பாகை வெப்பத்தில் ஒரு மேசை விசிறியோடு இருக்கும் உங்கள் அறையில் நிலைமை இதைவிட மோசமாகவே இருக்கும். சோதிக்கவே விடமாட்டோம் என்று சொல்லும் கடையில் இவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்க வேண்டாம்.

7. ஆவணங்கள்: பணம் கொடுக்குமுன் படித்துப் பாருங்கள்

என் முதல் கணினியை வெப்பப் பிரச்சினைக்காக அந்த உற்பத்தியாளரின் உள்ளூர் முகவரிடம் கொண்டுபோனபோது, அந்தத் தொடரிலக்கம் இலங்கைக்கு அனுப்பப்பட்டதே அல்ல என்று திருப்பி அனுப்பினார்கள். கடை வேறொரு நாட்டிலிருந்து தானாகவே இறக்கியிருந்தது. உத்தரவாதம் கடையினுடையது மட்டும். கடை அதைத் திரும்பவும் வெளிநாட்டுக்கு அனுப்பி, ஆறு வாரம் கழித்துத் தந்தது. அந்த ஆறு வாரத்துக்குள் என் சமர்ப்பிப்பு வந்து போய்விட்டது. இரவல் கணினியில் செய்து முடித்தேன்.

ஆகவே ‘இது முகவர் உத்தரவாதமா, கடை உத்தரவாதமா?’ என்று கேளுங்கள். பெட்டியின் மேலுள்ள தொடரிலக்கத்தை உற்பத்தியாளரின் இணையதளத்தில் போட்டு, உத்தரவாதம் எந்த நாட்டுக்கு, எந்தத் திகதியிலிருந்து என்று பாருங்கள். பெட்டியில் உள்ள இலக்கமும் கணினியின் அடியில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். மின்னேற்றியின் முனை 13 அம்பியர் சதுர மூன்று முனையாக இல்லாமல் இரண்டு உருண்டை முனையாக இருந்தால், அது வேறு நாட்டுக்காகப் பொதிசெய்யப்பட்டது என்பதற்கு ஓர் அறிகுறி.

பற்றுச்சீட்டில் உங்கள் பெயர், முழு மொடல் இலக்கம், தொடரிலக்கம், ரெம், சேமிப்பு, உத்தரவாதத்தின் காலமும் வகையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அடியில் உள்ள சிறிய எழுத்தையும் வாசியுங்கள். ஓராண்டு என்பது 350 நாட்கள் என்று அச்சிட்ட பற்றுச்சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். மூன்று ஆண்டு உத்தரவாதம் என்றாலும் பற்றரிக்கும் மின்னேற்றிக்கும் பல இடங்களில் ஒரு ஆண்டுதான். எரிந்த தடம், உடைவு, துரு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் செல்லாது என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். கடலோரத்தில் குடியிருப்பவர்கள் அந்தத் துரு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்று வரும் யன்னலோரத்தில் கணினியைத் திறந்து வைக்காதீர்கள். விண்டோஸ் அசல் உரிமத்தோடு வருகிறதா என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள்.

கடை பொறுப்பேற்க மறுத்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து விசாரிக்கலாம். முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் அந்தக் காலம் கடந்த பிறகே இதை அறிந்தேன்.

8. எப்போது வாங்குவது, முதல் வாரத்தில் என்ன செய்வது

எந்தச் சமர்ப்பிப்புக்கும் மூன்று வாரத்துக்குள் வாங்காதீர்கள். மென்பொருள் நிறுவவும் கோப்புகளை மாற்றவும் ஒரு வாரம், பழுது இருந்தால் மாற்றிக்கொள்ள ஒரு வாரம், கை பழக ஒரு வாரம் என்று கணக்கு வையுங்கள். ஏப்ரல் புத்தாண்டுக்கும் டிசம்பருக்கும் வங்கிகளின் கார்ட் சலுகைகள் கூடுதலாக வரும். அவசரமில்லாதவர்கள் அதுவரை பொறுக்கலாம்.

பழுதிருந்தால் எத்தனை நாளுக்குள் புதியதாக மாற்றித் தருவார்கள் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த அன்றே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை நிறுவி, சேமிப்பகம் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதிய கணினியில் அது சில மணி நேரமே இருக்கும். நூற்றுக்கணக்கில் இருந்தால் உங்களிடம் வந்திருப்பது காட்சிக்கு வைத்திருந்த கணினி. முழுத்திரையையும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். எரியாத புள்ளிகள் தெரிந்துவிடும். எல்லாத் துளைகளிலும் ஏதாவது ஒன்றைச் செருகிப் பாருங்கள்.

பிறகு உங்கள் சொந்த அறையில், வழக்கமாக வேலை செய்யும் மேசையில், கணினியின் பின்பக்கத்தை ஒரு அங்குலம் உயர்த்தி வைத்து, இரண்டு மணி நேரம் ரென்டரை ஓடவிடுங்கள். அது தானாக அணைந்தாலோ, கடையில் பார்த்த வாட் அளவுக்கு வெகுவாகக் கீழே இறங்கினாலோ, எச்டபிள்யூஇன்ஃபோவின் எண்கள் தெரியும்படி கைபேசியில் காணொளி எடுத்துக்கொண்டு, எழுதி வாங்கிய நாட்கள் முடியுமுன் கடைக்குப் போங்கள். பற்றுச்சீட்டின் நகலையும் வாங்கிய அன்றே எடுத்துவிடுங்கள்: பெரும்பாலானவை வெப்பத்தாளில் அச்சிடப்படுவதால், இந்த ஊரின் சூட்டில் சில மாதங்களிலேயே எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடுகின்றன.